ஒன்பதாம் சார்ட்டில் மஞ்சள் இல்லை

ஜூலை 7, திங்கள்

இந்த டைரி எனக்கு இனாமாக வந்தது. அட்டையில் யுனிவர்சிட்டி முத்திரை, அதற்குக் கீழே ‘தொலைநோக்குத் திட்டம் 2035 - உறுப்பினர்’ என்று தங்க எழுத்து. உறுப்பினர் யாரென்றால் நான்தான். சவரியம்மாள், வயது நாற்பத்தேழு, படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதுவும் அரைப்பரீட்சையோடு நின்றது. பெண்கள் விடுதி மெஸ்ஸில் பதினாறு வருஷமாகச் சாம்பார்.

இன்னும் பத்து வருஷத்தில் யுனிவர்சிட்டி எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறார்களாம். வாத்தியார்கள் மட்டும் பேசினால் போதாதாம். பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள், தோட்டம், செக்யூரிட்டி, மெஸ் என்று எல்லாரையும் கேட்க வேண்டுமாம். “மெஸ்ஸுலேருந்து ஒரு ஆளு வேணும்” என்று சூப்பர்வைசர் இருதயராஜ் வந்து நின்றார். என்னையும் சேர்த்து இருபத்தாறு பெண்கள். மற்ற இருபத்தைந்து பேரும் கையில் இருந்த கரண்டியை என் பக்கம் நீட்டினார்கள்.

“அக்காவுக்கு வாயி இருக்குல்ல, போகட்டும்” என்றாள் சப்பாத்திக் கல்லில் நிற்கும் செங்கமலம். அவள் மாசத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவள். நாலையும் எனக்கே செலவழித்துவிட்டாளே என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

வெறும் டைரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மத்தியானம் மூன்றிலிருந்து நாலு மணி வரை அடுப்பு ஓய்வு. அப்போது எழுதலாம் என்றிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

முதல் கூட்டம். ஏசி ரூம். சக்கரம் வைத்த நாற்காலி. உட்கார்ந்த வேகத்தில் அது என்னை ரிஜிஸ்ட்ரார் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. “சார், நான் வரல, நாக்காலிதான் இழுத்துக்கிட்டு வருது” என்றேன். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு நான் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். நல்ல மனுஷர்கள்.

கூட்டத்தை நடத்துகிறவர் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் தமயந்தி மேடம். சிரிக்காத ஒரே ஆள் அவர்தான், ஆனால் மரியாதையானவர். “சவரியம்மா, புரியுதா? புரியலைன்னா நிறுத்துங்க” என்று இரண்டு தடவை கேட்டார். புரிந்தது என்றேன்.

எனக்குப் புரிந்தது இது. ஆடிட்டோரிய வராந்தாவில் பன்னிரண்டு சார்ட் மாட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. நூலகத்துக்கு ஏசி, பஸ் நிற்கும் இடத்துக்குக் கூரை, பிள்ளைகள் நோய்வாய்ப்பட்டால் படுக்க அறை, இப்படி. ஒன்பதாவது சார்ட் எங்கள் சமையலறைப் புதுப்பிப்பு. ஆளுக்கு அஞ்சு வட்ட ஸ்டிக்கர். பிள்ளைகளுக்குப் பச்சை, வாத்தியார்களுக்கு நீலம், எங்களைப் போன்ற வேலைக்காரர்களுக்கு மஞ்சள். எது வேண்டுமோ அதில் ஒட்டலாம். ஏதாவது ஒரு நிறத்தில் இருபது ஸ்டிக்கராவது விழுந்த வேலைதான் திட்டத்துக்குள் வரும். விழாததைக் கைவிட்டுவிடுவார்கள்.

கைவிடுவது என்றால் எப்படி என்று கேட்க நினைத்தேன். அதற்குள் முந்திரி பிஸ்கட் தட்டு என் பக்கம் வந்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

வெங்காயம் உரிக்கும்போது பெண்களுக்கு ஸ்டிக்கர் விஷயத்தை விளக்கினேன். மேடம் மாதிரியே கையை ஆட்டி, “புரியலைன்னா நிறுத்துங்க” என்றேன். யாரும் நிறுத்தவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஸ்டிக்கர் நாள். நாங்கள் பத்துமணி டீ முடித்துக் கூட்டமாகப் போனோம். ஈரச்சேலை, மசாலா வாசனை. பிள்ளைகள் வழிவிட்டு நின்றார்கள்.

மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. எழுநூறு பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் உட்காருவோம். அப்போதும் பரிமாறுகிறவள் தன் தட்டில் தானே போட்டுக்கொள்ள மாட்டாள். இன்னொருத்தி வாங்கிப் போட வேண்டும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. புதிதாக வருகிறவள் இரண்டே நாளில் கற்றுக்கொள்வாள்.

வராந்தாவில் என்ன நடந்தது என்றால், செங்கமலம் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று ஒன்பதாம் சார்ட்டுக்குப் போனாள். ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எங்கள் சமையலறைப் படத்தின் மேலேயே ஒட்டினாள். என்னால் சும்மா இருக்க முடியுமா?

“ஏன்டி செங்கமலம், பந்தியே இன்னும் ஆரம்பிக்கல. கரண்டிய கையில வச்சுக்கிட்டு மொதத் தட்டே ஓந்தட்டா?”

சத்தமாகத்தான் சொன்னேன். எங்கள் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். செங்கமலத்துக்கு முகம் கல்லில் போட்ட சப்பாத்தி மாதிரி ஆகிவிட்டது. நகத்தால் சுரண்டி அந்த ஸ்டிக்கரை எடுத்தாள். நூலகத்து ஏசி மேல் ஒட்டினாள். மிச்சம் நாலையும் அங்கேயே ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் எல்லாரும் ஒட்டினோம். நோய் அறைக்கு, பஸ் கூரைக்கு, நூலகத்துக்கு, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு. நாங்கள் பரிமாறினால் குறை இருக்குமா? வரும்போது ஒரு பெண் பிள்ளை, “ஆன்ட்டி, எங்களுக்காகவா இவ்வளவும்?” என்று கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இன்று ராத்திரிக்குக் கொண்டைக்கடலைக் குருமா.

ஜூலை 18, வெள்ளி

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. பாதி மாவுதான். உப்புமா போட்டோம், பிள்ளைகள் திட்டினார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

செங்கமலத்துக்கு என்ன கோபமோ. சாப்பிடும்போது தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாய்ப் போய் உட்காருகிறாள். “மகாராணிக்குத் தனிப் பந்தி” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சாம்பாரில் புளி கூடிவிட்டதோ என்னவோ.

ஜூலை 30, புதன்

ஸ்டிக்கர் கணக்கு வந்தது. திரையில் கலர் கலராகக் கம்பம் கம்பமாய்க் காட்டினார்கள். நூலகம் பனைமரம் உயரம். நோய் அறையும் அப்படித்தான், அதில் மஞ்சள் மட்டும் நாற்பத்தெட்டு. மேடம் என்னைப் பார்த்து, “உங்க ஆளுங்க நிறையப் போட்டிருக்காங்க” என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். சிரித்தார்கள்.

ஒன்பதாம் சார்ட் வந்தது. பச்சை பதினேழு. நீலம் நாலு. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை.

“அங்க வேலை செய்றவங்களே வேணும்னு நெனைக்கல பாருங்க” என்றார் ரிஜிஸ்ட்ரார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார். பிறகு அந்த சார்ட்டின் அடியில் இருந்த பொடி எழுத்தை மேடம் வாசித்தார். புதுப்பிப்பு ஏற்கப்படவில்லை என்றால் சமையலறை மூடப்படும், உணவு வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும். அந்தப் பொடி எழுத்தை அன்றைக்கு நான் பார்க்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும்.

வெளி நிறுவனம் என்றால் டவுனில் சமைத்து வண்டியில் கொண்டுவருவார்களாம். ஆள் அவர்கள் ஆளாம்.

“ஆறாம் தேதி எல்லார் முன்னாடியும் வரைவுத் திட்டத்தப் படிக்கப் போறோம். சவரியம்மா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?” என்றார் மேடம்.

“வண்டியில வர்ற இட்லிக்கு சீட் பெல்ட் போடுவாங்களா மேடம்?” என்றேன். ரிஜிஸ்ட்ரார் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 31, வியாழன்

பெண்களிடம் இன்னும் சொல்லவில்லை. பருப்பு வேகவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இருதயராஜ் சொல்லிவிட்டார். காலை எட்டு மணிக்கு, பொங்கல் இறக்கும் நேரத்தில். மீசைக்கு மை போடுகிற மனுஷன், இன்றைக்குப் போடாமல் வந்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுப்பை அணைக்காமலே எல்லாரும் ஒன்று கூடினார்கள்.

“நம்மள்ல ஒருத்தி கூடவா ஒட்டல?”

“நீ ஒட்டியிருப்பேன்னு நான் நெனச்சேன்டி.”

“நம்ம அடுப்புக்கு நாமளே எப்படி ஒட்டுறது? அசிங்கமா இருக்காதா? புள்ளைங்க ஒட்டும்னு இருந்தேன்.”

ஒவ்வொருத்தியாக இதையே சொன்னார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் என் மேல் வந்து நின்றது, உறுப்பினர் அல்லவா. நான் அண்டாவுக்குள் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“நான் ஒட்டுனேன்” என்றாள் செங்கமலம்.

அவ்வளவுதான். தவாவைத் தூக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டாள். நான் எடுக்க வைத்ததையும் சொல்லியிருந்தால் தேவலை.

பொங்கல் அடிபிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு செங்கமலத்திடம் போனேன். கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, அன்னைக்கு நான் சொன்னா என்ன, நீ ஒட்டுனத ஒட்டுனபடியே விட்டிருக்கக் கூடாதா?” என்றேன். இதைத்தான் மன்னிப்பு கேட்பதாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. “எப்படிக்கா விடுறது? நீங்க சிரிக்க வச்சுட்டீங்கன்னா அப்புறம் அந்த எடத்துல யாரு நிக்க முடியும்?”

“வெளயாட்டுக்குச் சொன்னதுதான?”

“வெளயாட்டுதான். நான் ஒன்னும் சொல்லலியே.”

கல்லைத் துடைத்து வைத்துவிட்டு அவளே சொன்னாள். டவுன் டாக்டர் அவளைப் புகைப் பக்கமே போகாதே என்றாராம். நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிறதாம். வேலையை விட முடியாது. “சார்ட்டுல சிம்னி படம் போட்டிருந்துச்சு. மத்ததெல்லாம் நான் பாக்கல. அது வந்தா இங்கயே இருந்துக்கலாம்னு ஒட்டுனேன்.”

பதினாறு வருஷமாக அவளுக்குப் பக்கத்து அடுப்பில் நிற்கிறேன். அவள் இருமினால், “ரயில் வருது, கேட்டப் போடு” என்பேன். தினமும் சொல்வேன்.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“எப்ப சொல்றது?” என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளைக்கு நான் பேச வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நாலு வரி எழுதினால் அதில் இரண்டு நக்கலாக வருகிறது. அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆடிட்டோரியம் நிறைந்த கூட்டம். டீக்கு இரண்டு பேரை அடுப்பில் விட்டுவிட்டு நாங்கள் இருபத்து நாலு பேரும் கடைசி வரிசையில் இருந்தோம். மேடம் வரைவை வாசித்தார். ஒன்பதாவது வந்ததும், “எந்தத் தரப்பின் ஆதரவும் போதிய அளவில் இல்லாததால் கைவிடப்படுகிறது” என்றார். கருத்துச் சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார்.

எழுந்தேன். மைக் கைக்கு வருவதற்குள்ளேயே முன்வரிசையில் சிரிப்பு தொடங்கிவிட்டது. என்னைப் பார்த்தாலே சிரிப்பார்கள், அப்படி நான்தான் பழக்கி வைத்திருக்கிறேன். “ஐயா, சிரிக்காதீங்க” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அடங்கும் வரை நின்றேன். ரொம்ப நேரம் ஆனது. அவ்வளவு நேரம் சும்மா நின்று எனக்குப் பழக்கமில்லை.

“மெஸ்ஸுல நாங்க கடைசியாத்தான் சாப்பிடுவோம்” என்றேன். “பரிமாறுறவ தன் தட்டுல தானே போட்டுக்க மாட்டா. அது எங்க வழக்கம். நீங்க ஸ்டிக்கர் குடுத்தப்பவும் நாங்க அப்படித்தான் நின்னோம். மத்தவங்களுக்கு வச்சோம், நமக்கு வேற யாராவது வைப்பாங்கன்னு. நீங்க வெறுந்தட்டப் பாத்துட்டு எங்களுக்குப் பசியில்லன்னு எழுதிட்டீங்க.”

யாரோ கை தட்டினார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்தால் நல்ல பெயரோடு முடிந்திருக்கும். உட்காரவும் போனேன். கடைசி வரிசையில் செங்கமலம் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் இருக்கு” என்றேன். “ஒருத்தி ஒட்டுனா. செங்கமலம்னு பேரு, சப்பாத்தி போடுறவ. நான்தான் அத்தன பேர் முன்னாடி அவளக் கேலி பண்ணி எடுக்க வச்சேன். அவ ஒட்டுனது இருந்திருந்தா அதப் பாத்து மத்தவளும் ஒட்டியிருப்பா. நான் பண்ணுன கேலியிலதான் ஒருத்தியும் கிட்ட போகல. கணக்கு தப்புன்னு சொல்ல வரல மேடம். கணக்குல எங்க பொம்பளைங்க வாய் இல்ல, என் வாய்தான் இருக்கு.”

“முப்பதாம் தேதி நான் கேட்டேனே. அப்பவே ஏன் சொல்லலை?” என்றார் மேடம்.

“அப்ப நானும் சிரிச்சுக்கிட்டிருந்தேன் மேடம்.”

ரிஜிஸ்ட்ரார் மைக்கை வாங்கினார். வாக்கு முடிந்தது முடிந்ததுதான், ஆளுக்கு ஆள் மறுபடியும் ஒட்டக் கிளம்பினால் எங்கே போய் நிற்பது என்றார். அவர் சொன்னதும் சரிதான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“புதுசா யாரும் ஒட்ட வேண்டாம்” என்றார். “சார்ட் எல்லாம் இன்னும் வராந்தாவுலதான் இருக்கு. மெஸ் ஆளுங்க, தாங்க ஒட்டினதுல ஆளுக்கு ஒன்னே ஒன்ன எடுத்து இடம் மாத்தலாம். மொத்தக் கணக்கு மாறாது. அதுக்கு ஆட்சேபம் இருக்கா?”

ரிஜிஸ்ட்ரார் யோசித்துவிட்டு, “ஒன்னுதான்” என்றார்.

கேட்க லேசாக இருக்கிறது. வராந்தாவில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. ஒன்றை ஒன்பதில் ஒட்ட வேண்டும் என்றால் வேறொன்றிலிருந்து பிடுங்க வேண்டும். போட்ட சோற்றைத் தட்டிலிருந்து எடுக்கிற வேலை. நோய் அறை சார்ட் பக்கத்தில் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள், ஒருத்தியும் நகரவில்லை.

செங்கமலம் போனாள். நூலகத்திலிருந்து ஒன்றைச் சுரண்டினாள். மூன்று வாரத்து ஸ்டிக்கர், பாதி கிழிந்து கையில் வந்தது.

“கிழிஞ்சா கணக்குல வருமாங்க?” என்று கேட்டாள். அவ்வளவு பேர் நடுவில், அவள்.

“வரும்” என்றார் மேடம்.

ஒட்டினாள். திரும்பி, “என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடுப்பு இல்லாமப் போனா புள்ளைங்களுக்கு எங்கேருந்துடி போடுவீங்க?” என்றாள். பெண்கள் அசைந்தார்கள். ஒருத்தி நோய் அறை சார்ட் முன்னால் நின்ற பிள்ளையிடம், “ஒன்னே ஒன்னுதான் எடுக்குறேன் கண்ணு, கோச்சுக்காத” என்றாள். அந்தப் பிள்ளை நகத்தால் கிளப்பிக் கொடுத்தது.

மூன்று பேர் வரவே இல்லை. “வச்சத எடுக்க மாட்டேன், வேல போனாலும் சரி” என்றாள் ஒருத்தி. அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கை வரவில்லை. பஸ் கூரையிலிருந்து நான் சுரண்டியது கடைசியில்.

இரண்டு தடவை எண்ணினார்கள். இருபது வேண்டிய இடத்தில் இருபத்தொன்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

வத்தக்குழம்பு. அளவாக வந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

திட்டம் முடிவாகி அச்சாகி வந்துவிட்டது. இருதயராஜ் ஒரு புத்தகம் கொண்டுவந்தார், மீசை கருகருவென்று. நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். விடுதிச் சமையலறை இங்கேயே இருக்கும். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள், அவள்தான் வேலை போனாலும் சரி என்றவள்.

கீழே இன்னொரு வரி இருந்தது. புது கண்ணாடி போட்டிருக்கிறேன், பொடி எழுத்தும் தெரிகிறது. தரை முதல் வருஷம். பாத்திரம் கழுவும் இடம் இரண்டாம் வருஷம். புகைபோக்கி மூன்றாம் வருஷம்.

அதையும் சத்தமாகவே படித்தேன். செங்கமலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“இருக்கட்டும்க்கா. வேல இருக்குல்ல” என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

போட்ட திட்டம் நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு கமிட்டியாம். மெஸ்ஸிலிருந்து ஒரு ஆள். இந்தத் தடவையும் கரண்டி எல்லாம் என் பக்கம்தான் நீண்டது.

“செங்கமலம் போகட்டும்” என்றேன்.

நக்கல் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நின்றதும் நிறுத்தினார்கள்.

“எனக்குப் பேச வராதுக்கா” என்றாள் அவள்.

“அன்னைக்கு வராந்தாவுல வந்துச்சே.”

“நீங்க கூட வந்தா போறேன். வாசல் வரைக்கும்.”

செப்டம்பர் 3, புதன்

வாசல் வரைக்கும் போனேன். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பியூன், “என்ன சவரியக்கா, ஒங்களயே வெளியில நிறுத்திட்டாங்களா?” என்றான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. சும்மா இரு, கேட்க விடு என்று கையைக் காட்டினேன்.

வெகுநேரம் ஆண்கள் குரல்தான். அப்புறம் மேடம் குரல். அதன் பிறகு அவள் குரல், முதலில் இழுத்து, பிறகு சரியாக.

“தரையும் பாத்திரம் கழுவுற எடமும் காத்திருக்கும். நாங்கதான் மூச்சு விடணும். சிம்னி எதுக்குங்க மூணாவது வருஷம்?”

நாற்காலி ஒன்று உருளும் சத்தம். சிரிப்பு வரும் என்று காதைக் கொடுத்திருந்தேன். வரவில்லை. “அது எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றார் ரிஜிஸ்ட்ரார். உள்ளே யாரோ திட்டப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் சத்தம் கேட்டது.